காது நரம்பு 'வீக்' என்கிறார்களே, உண்மையில் பழுதாவது எது? மயிர்ச்செல்கள் வேலை செய்யும் விதம்

காது மந்தமான பெரியவர் ஒருவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டு வந்தால், விசாரிக்கிறவர்களுக்குச் சொல்லப்படும் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "நரம்பு வீக்காயிடுச்சாம்." அப்புறம் ஆலோசனைகள் வரிசை கட்டி வரும். நரம்புக்குச் சத்து மாத்திரை போடுங்க, பாதாம் ஊற வச்சுச் சாப்பிடுங்க, நல்லெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க. சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். நெரிசலான ஓ.பி.யில் மருத்துவரும் 'நரம்புக் கோளாறு' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கெட்டுப்போவது செவி நரம்பு அல்ல. நரம்புக்கு ஒருபடி முன்னால் இருக்கும் மயிர்ச்செல்கள் என்ற மிகச் சிறிய செல்கள். அவை செத்துப்போன பிறகும் பல ஆண்டுகள் நரம்பு ஓரளவு நல்ல நிலையிலேயே, செய்தி வருமா என்று காத்துக்கொண்டு கிடக்கும். எந்தக் கருவி உதவும், எந்த மருந்து உதவாது, எதற்காக அவசரப்பட வேண்டும் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அதனால் அந்தச் செல்கள் என்ன செய்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம். பள்ளி உயிரியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

## நரம்புக்குள் ஒலி போவதில்லை

ஒலி என்பது அதிர்வு. தவில் தோல் முன்னும் பின்னும் அசைகிறது. அது தன்னை ஒட்டிய காற்றை நெருக்குகிறது, தளர்த்துகிறது. அந்த நெருக்கலும் தளர்வும் காற்றில் பரவி நம் காதுக்கு வருகின்றன. ஒரு விநாடிக்கு எத்தனை முறை இப்படி நெருங்கித் தளர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். நல்ல காதுள்ள இளம் வயதினருக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

நரம்போ அதிர்வைக் கடத்தாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சின்னதாக ஒரு மின் துடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்புவது. துடிப்பு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். கண்ணிலிருந்து போகும் நரம்பிலும் இதே துடிப்புதான், தோலிலிருந்து போகும் நரம்பிலும் இதே துடிப்புதான்.

ஆகவே காதுக்குள் ஏதோ ஓரிடத்தில் அதிர்வு முடிந்து மின்துடிப்பு தொடங்க வேண்டும். அந்த இடம் செவிப்பறை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செவிப்பறை வெறும் தோல். அதற்குக் கேட்கத் தெரியாது. மாற்றம் நடப்பது இன்னும் உள்ளே, மயிர்ச்செல்லில்.

## காற்றிலிருந்து திரவத்துக்கு

வெளிக்காது, நடுக்காது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். செவிப்பறை அதிர்ந்தால் அதன் பின்னால் உள்ள மூன்று குட்டி எலும்புகளும் அசையும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பள்ளியில் படித்திருப்போம். அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்.

இந்த எலும்புகள் எதற்கு? உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். குளத்தில் முங்கியிருக்கும்போது கரையில் பேசுவது காதில் விழாமல் போவது இதனால்தான். செவிப்பறையின் பரப்பு பெரியது, அங்கவடியின் அடிப்பரப்பு அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சின்னப் பரப்பில் குவிக்கும்போது அழுத்தம் கூடி, திரவம் அசையத் தொடங்குகிறது.

செவிப்பறை கிழிவது, நடுக்காதில் சீழ் கட்டுவது, அங்கவடி இறுகிப்போவது ஆகியவை இந்தக் கட்டத்துக் கோளாறுகள். இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். 'நரம்புக் கோளாறு' என்று சொல்லப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது.

## காக்ளியாவும் அதற்குள் ஓடும் சவ்வும்

உள்காதில் கேட்பதற்கென்று உள்ள பகுதி காக்ளியா. பட்டாணி அளவுள்ள, எலும்பாலான ஒரு கூடு. அதற்குள் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருண்ட ஒரு குழாய். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். குழாயின் நெடுகிலும் ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. அடிச்சவ்வு என்று அதைச் சொல்வோம். மயிர்ச்செல்கள் இந்தச் சவ்வின் மேல்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

அடிச்சவ்வு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அங்கவடிக்குப் பக்கத்தில் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். சுருளின் உச்சிக்குப் போகப் போக அகன்று தளர்ந்துவிடும். அதனால் கீச்சென்ற ஒலி தொடக்கத்திலேயே சவ்வை அசைத்துவிட்டு அடங்கிவிடும். கனத்த ஒலி உச்சி வரை போய் அங்கே பெரிதாக அசைக்கும். ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெக்கசி, இறந்தவர்களின் காதிலிருந்து எடுத்த காக்ளியாவில் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில் நுண்ணோக்கி வழியே இந்த அலை நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தார். 1961இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை பார்த்தது: காற்றின் அதிர்வு திரவத்தின் அசைவாகிறது, திரவத்தின் அசைவு அடிச்சவ்வின் அசைவாகிறது, ஒலியின் சுருதியைப் பொறுத்துச் சவ்வின் வேறு வேறு இடம் அசைகிறது. இன்னும் எல்லாம் அசைவுதான். மின்சாரம் எங்கும் வரவில்லை.

## மயிர்ச்செல், கிட்டத்தில்

ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், காதின் கையிருப்பு எவ்வளவு குறைவு என்று புரியும். இவற்றில் சுமார் 3,500 செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கின்றன. இவை உள் மயிர்ச்செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலை அநேகமாக முழுவதும் இவற்றுடையது. மற்றவை சுமார் 12,000. மூன்று வரிசைகளில் நிற்கும் வெளி மயிர்ச்செல்கள். அவற்றின் வேலை வேறு, பின்னால் வருகிறேன்.

காதின் வாசலில் வளரும் முடிக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு செல்லின் தலையிலும் சில பத்து நுண்குச்சிகள் குத்திட்டு நிற்கின்றன. வெளி மயிர்ச்செல்களில் நூறுகூட இருக்கும். இந்தக் குச்சிகளை நுண்மயிர்கள் என்று சொல்வோம். உண்மையான தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு உயரம் இருந்தால் அதிகம். உள்ளே இறுக்கமாகக் கட்டிய புரத இழைகள் நிரம்பியிருப்பதால் அவை வளைவதில்லை. அடிப்பகுதியில் மட்டும் சாய்கின்றன.

நுண்மயிர்கள் கண்டபடி நிற்பதில்லை. குட்டையானவை ஒரு வரிசை, அதற்குப் பின்னால் கொஞ்சம் உயரமானவை, அதற்கும் பின்னால் மிக உயரமானவை என்று படிப்படியாக நிற்கின்றன. குட்டை நுண்மயிரின் உச்சியிலிருந்து பக்கத்து உயரமான நுண்மயிரின் விலாவுக்கு ஒரே ஒரு மெல்லிய இழை ஓடுகிறது. உச்சி இழை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஜேம்ஸ் பிக்கிள்ஸும் அவருடைய சகாக்களும் 1984இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இதைக் காட்டினார்கள். நாம் கேட்கும் அத்தனையும் இந்த இழையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிறவியிலேயே இந்த இழைக்கான புரதம் சரியாக உருவாகாத குழந்தைகளுக்குக் காது கேட்பதில்லை.

உச்சி இழையின் கீழ் முனை, குட்டை நுண்மயிரின் உச்சியில் உள்ள ஒரு நுண்துளையோடு கோத்திருக்கிறது. இழை இழுபட்டால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். இந்தத் துளைக்கு அயனிக் கால்வாய் என்று பெயர். அயனி என்றால் மின்னூட்டம் உள்ள அணு. பொட்டாசியம், கால்சியம் எல்லாம் உடம்பில் இந்த வடிவில்தான் உலவுகின்றன.

## ஏரியும் மதகும்

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. ஒரு கொசுவின் ரீங்காரம் எவ்வளவு பலவீனமானது! அதனால் ஒரு செல்லுக்குள் மின்சாரத்தை எப்படி உண்டாக்க முடியும்?

ஒலி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். வயல் கீழே இருக்கிறது, ஏரியில் தண்ணீர் மேலே நிற்கிறது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்க்கட்டி வந்து மதகின் கதவைச் சற்றே தூக்குகிறார். தண்ணீர் பாய்ந்து போகிறது. அந்தத் தண்ணீரைப் பாய வைப்பது நீர்க்கட்டியின் கைவலிமை அல்ல. ஏரியில் ஏற்கெனவே நிற்கும் உயரம். அவர் செலவழித்தது கதவை அசைக்கத் தேவையான பலம் மட்டும்தான்.

காக்ளியாவுக்குள்ளும் இப்படி ஒரு ஏரி உண்டு. சுருண்ட குழாய் நீளவாக்கில் மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கிறது. நடு அறையில் உள்ள திரவத்துக்கு அகநிணநீர் என்று பெயர். நுண்மயிர்கள் இந்தத் திரவத்துக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பில் செல்லுக்கு வெளியே உள்ள மற்ற திரவங்களில் சோடியம் நிறைய இருக்கும், பொட்டாசியம் கொஞ்சமாக இருக்கும். அகநிணநீரில் தலைகீழ். பொட்டாசியம் மற்ற அறைகளில் இருப்பதைப்போல முப்பது மடங்கு. இதோடு அந்தத் திரவம் சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின் அழுத்தத்திலும் இருக்கிறது. மயிர்ச்செல்லின் உட்புறம் ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் 130 மில்லிவோல்ட் வித்தியாசம். ஏரிக்கும் வயலுக்கும் உள்ள உயர வித்தியாசம் இதுதான்.

இப்போது மதகைத் திறப்போம். அடிச்சவ்வு மேலே எழும்பும்போது நுண்மயிர்கள் உயரமான வரிசையின் பக்கமாகச் சாய்கின்றன. உச்சி இழைகள் விறைக்கின்றன. கால்வாய்கள் திறக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. உள்ளே இருந்த எதிர்மின் அழுத்தம் குறைகிறது. அதிர்வு மின்சாரமாக மாறும் இடம் இதுதான். நாம் தேடிக்கொண்டிருந்த இடம்.

அடிச்சவ்வு கீழே இறங்கும்போது நுண்மயிர்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. இழை தளர்கிறது, கால்வாய் மூடுகிறது, பாய்ச்சல் நிற்கிறது. ஒலி விநாடிக்கு 300 முறை அதிர்ந்தால் மதகும் விநாடிக்கு 300 முறை திறந்து மூடும். ஒலியே இல்லாத நேரத்திலும் இழைகளில் கொஞ்சம் இழுப்பு இருந்துகொண்டே இருப்பதால் ஒருசில கால்வாய்கள் திறந்தே இருக்கும். இதனால் மிகச் சின்ன அசைவுகூட வீணாவதில்லை. நம் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில் நுண்மயிர்க்கற்றை அசைவது ஒரு நானோமீட்டர் அளவுக்குத்தான். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணில் ஒளி பட்டதும் செல்லுக்குள் வேதிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த பிறகுதான் மின்மாற்றம் வரும். அதற்குப் பல மில்லிவிநாடிகள் ஆகும். மயிர்ச்செல்லில் நடுவில் வேதியியலே கிடையாது. இழை இழுக்கிறது, கதவு திறக்கிறது. ஒரு விநாடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் பைக் இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கமா என்று திரும்பிப் பார்க்காமலே நமக்குத் தெரிவதற்கு இந்த வேகம் வேண்டும். ஒலி ஒரு காதை எட்டியதற்கும் மறு காதை எட்டியதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிவிநாடிகூடக் கிடையாது.

உள்ளே வந்த பொட்டாசியம் என்ன ஆகிறது? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். செல்லின் தலை அகநிணநீரில் இருக்கிறது. அதன் உடம்போ பொட்டாசியம் குறைவாக உள்ள வேறொரு திரவத்தில் நனைந்திருக்கிறது. ஆகவே பொட்டாசியம் செல்லின் பக்கவாட்டு வழியாக வடிந்துவிடுகிறது. ஏரியிலிருந்து வயலுக்கு இறக்கம். வயலிலிருந்து வடிகாலுக்கும் இறக்கம்தான். மயிர்ச்செல் இதற்காகச் செலவழிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. வடிந்த பொட்டாசியத்தை மறுபடி மேலே ஏற்றி ஏரியை நிரப்பி வைக்கும் கடினமான வேலையைக் காக்ளியாவின் வெளிச்சுவரில் ரத்தக்குழாய்கள் அடர்ந்த ஒரு திசு இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது.

ஏரி வற்றினால் மதகு நன்றாக இருந்தும் பயன் இல்லை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசமைடு மருந்தை ஊசி வழியாக அதிக அளவில், வேகமாகச் செலுத்தினால் சிலருக்குக் காது திடீரென்று அடைத்துப்போவதுண்டு. அந்த மருந்து வெளிச்சுவர்த் திசுவின் பம்புகளைத் தடுத்து அகநிணநீரின் மின்னழுத்தத்தை இறக்கிவிடுகிறது. மருந்தின் வேகம் குறைந்ததும் ஏரி நிரம்பி, பெரும்பாலும் காது மறுபடி கேட்கத் தொடங்கும். மயிர்ச்செல்லுக்கோ நரம்புக்கோ ஒன்றும் ஆகாமலேயே காது கேளாமல் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

## செல்லின் அடியில் நடக்கும் கைமாற்றம்

செல்லுக்குள் மின்னழுத்தம் மாறிவிட்டது. ஆனால் நரம்பு இன்னும் செல்லைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. செல்லும் நரம்பும் சந்திக்கும் இந்த இடத்துக்கு நரம்பிணைப்பு என்று பெயர். மின்சாரம் இந்த இடைவெளியைத் தாண்டாது. வேதிப்பொருள்தான் தாண்ட வேண்டும்.

உள் மயிர்ச்செல்லின் அடிப்பகுதியில் இன்னொரு வகைக் கால்வாய் இருக்கிறது. இது இழுத்தால் திறப்பதில்லை. மின்னழுத்தம் மாறினால் திறக்கும். பொட்டாசியம் வந்து அழுத்தத்தை மாற்றியதும் இந்தக் கால்வாய் திறந்து கால்சியம் உள்ளே வருகிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை நிரப்பிய நுண்பைகள் அங்கே தயாராகக் காத்திருக்கின்றன. கால்சியம் தொட்டவுடன் பைகள் செல்லின் சுவரோடு ஒட்டி வெடிக்க, குளூட்டமேட் இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ப்பக்கம் உள்ள நரம்பு முனை அதை உணர்கிறது. மின்துடிப்பு ஒன்று கிளம்பி மூளையை நோக்கி ஓடுகிறது.

மற்ற நரம்பிணைப்புகளிலும் ஏறக்குறைய இதுவேதான் நடக்கும். இங்கே உள்ள தனிச்சிறப்பு, ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. பண்டிகை நாள் கடைத்தெருவில் நிற்கிறவரின் காதில் ஒலி ஒரு கணமும் நிற்பதில்லை. அதற்காகவே செல்லின் அடியில் ஒரு புரதப் பட்டை இருக்கிறது. நுண்பைகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒன்று காலியானதும் அடுத்தது இறங்குகிறது. கால்சியம் வந்ததை உணர்ந்து பைகளை விடுவிக்கும் வேலையில் ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் முக்கியமானது. இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரே உள் மயிர்ச்செல்லின் அடியில் சுமார் பத்து நரம்பிழைகள் வந்து முடிகின்றன. ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல்லிடம் மட்டும் கேட்கிறது. மனிதக் காதில் செவி நரம்பிழைகள் மொத்தம் சுமார் 30,000. அவற்றில் இருபதில் பத்தொன்பது பங்கு, அந்த 3,500 உள் மயிர்ச்செல்களுக்கே உரியவை.

மொத்தப் பாதையையும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிடலாம்: நுண்மயிர் சாய்கிறது, உச்சி இழை இழுக்கிறது, பொட்டாசியம் பாய்கிறது, அழுத்தம் மாறுகிறது, கால்சியம் வருகிறது, குளூட்டமேட் கொட்டுகிறது, நரம்பு துடிக்கிறது.

## வெறும் துடிப்பிலிருந்து பேச்சு எப்படி?

எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரி என்றால் 'அம்மா' என்பதையும் 'ஐயா' என்பதையும் மூளை எப்படிப் பிரிக்கிறது? முதலில் இடம். சவ்வின் எந்த இடத்துச் செல்லிலிருந்து துடிப்பு வருகிறது என்பதை வைத்துச் சுருதி தெரியும். அடுத்து எண்ணிக்கை. ஒலி உரக்க இருந்தால் ஓர் இழையில் துடிப்புகள் கூடும், கூடுதல் இழைகளும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, நேரம். மதகு திறக்கும் கணத்தை ஒட்டியே நரம்பு துடிப்பதால், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஒலியின் தாளமே துடிப்புகளின் தாளத்தில் பதிந்து போகிறது. மற்றதெல்லாம் மூளையின் வேலை.

## வெளி மயிர்ச்செல்கள் செய்யும் வேலை

12,000 வெளி மயிர்ச்செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புவது மிகக் குறைவு. அவை துள்ளுகின்றன. பொட்டாசியம் பாய்ந்து மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் செல் நீளவாக்கில் சுருங்கி நீள்கிறது. வில்லியம் பிரவுனெலும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் இதை விளக்கமாக எழுதினார்கள். செல்லின் சுவரில் நெருக்கமாகப் பதிந்திருக்கும் பிரெஸ்டின் என்ற புரதம் இதைச் செய்கிறது என்று 2000இல் தெரியவந்தது.

இந்தத் துள்ளல் அடிச்சவ்வைச் சரியான கணத்தில் தள்ளிவிடுவதால் மெல்லிய ஒலியின் அசைவு நூறு மடங்குக்கும் மேல் பெரிதாகிறது. பெரிதான அசைவைப் பக்கத்தில் உள்ள உள் மயிர்ச்செல் வாங்கி நரம்புக்குக் கொடுக்கிறது. வெளி மயிர்ச்செல்கள் போய்விட்டால் பலத்த ஒலி கேட்கும், மெல்லிய ஒலி கேட்காது. பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளைப் பிரித்தறியும் கூர்மையும் மழுங்கிவிடும்.

இந்தச் செல்கள் துள்ளுவதால் காதிலிருந்து மிக மெல்லிய ஒலி ஒன்று வெளியேயும் வருகிறது! டேவிட் கெம்ப் 1978இல் இதைப் பதிவுசெய்தார். இன்று பிரசவ வார்டில் பச்சிளங்குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து ஒரு நிமிடம்போலப் பார்க்கிறார்களே, ஓ.ஏ.ஈ. பரிசோதனை, அது இந்தத் திரும்பி வரும் ஒலியைத்தான் தேடுகிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

## சரி, எது கெடுகிறது?

மயிர்ச்செல்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. மீன்களுக்கும் பறவைகளுக்கும் முளைக்கும். கோழிக்கு இரைச்சலால் மயிர்ச்செல்கள் அழிந்தாலும் சில வாரங்களில் புதியவை வந்துவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மிகப் பெரிய எதிரி இரைச்சல். பலத்த ஒலியில் உச்சி இழைகள் அறும், நுண்மயிர்கள் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழை மட்டும் அறுந்திருந்தால் ஓரிரு நாளில் புதிதாகக் கட்டிக்கொள்ள முடியும். கச்சேரி முடிந்து வந்த இரவில் காது 'ஙொய்' என்று இரைந்து மறுநாள் சரியாவது இதுபோன்ற தற்காலிகச் சேதத்தால்தான். செல்லே செத்துவிட்டால் மீட்பு கிடையாது. தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்பது ஆபத்து என்பது தொழிற்கூடங்களுக்கு வைத்திருக்கும் வழக்கமான எல்லை. டெசிபல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு. மூன்று டெசிபல் கூடினாலே பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருஷம் நின்றவரின் காதில் நடந்திருப்பது இதுதான். பட்டாசுக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் தள்ளி நிற்பதில்லை.

மருந்துகள் அடுத்தது. ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகள் நாம் மேலே பார்த்த அதே கால்வாய் வழியாக மயிர்ச்செல்லுக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. உள்ளே போனது எளிதில் வெளியே வராது. செல் மெல்ல இறக்கும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டவர்களில் சிலருக்குக் காது மங்கியதற்கும் தலைசுற்றல் வந்ததற்கும் இது காரணம். உடம்பின் சமநிலையை உணர்வதும் உள்காதின் மயிர்ச்செல்கள்தான். உயிரைக் காக்கும் மருந்துகள் இவை. அதனால் வேண்டாம் என்று மறுப்பதைவிட, ஊசி தொடரும்போது இடையிடையே காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

இரைச்சல், மருந்து, முதுமை மூன்றுமே கூரிய சுருதிகளை வாங்கும் செல்களைத்தான் முதலில் தாக்குகின்றன. தமிழில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. 'க', 'ச', 'த', 'ப' ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் மேல் சுருதியில். ஆகவே 'பால்' என்றால் 'கால்' என்று விழும். "கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது உள்ளபடியே உண்மை. கவனக்குறைவு என்று அவர்களைக் கடிந்துகொள்கிற வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். கத்திப் பேசினால் உயிரொலிதான் பெரிதாகும். முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுவது அதைவிட உதவும்.

## நரம்பு காத்திருப்பதால் என்ன லாபம்?

மயிர்ச்செல்கள் ஓரளவு மிச்சமிருந்தால் காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கி, மிச்சமுள்ளவற்றை வேலை வாங்கும். எதுவுமே மிச்சமில்லை என்றால் எவ்வளவு பெருக்கினாலும் பயன் இல்லை. அப்போதுதான் காக்ளியர் இம்பிளாண்ட். மெல்லிய கம்பி ஒன்றில் பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு மின்முனைகளை வைத்து, காக்ளியாவின் சுருளுக்குள் நுழைத்துவிடுகிறார்கள். வெளியே உள்ள கருவி ஒலியைச் சுருதி வாரியாகப் பிரித்து, அந்தந்த மின்முனை வழியாக நரம்பையே நேரடியாகத் தூண்டுகிறது. செத்துப்போன மயிர்ச்செல்களை அப்படியே தாண்டிவிடுகிறது. நரம்பே போயிருந்தால் இது நடக்காது. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. வயது வரம்பு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: முதல் சில ஆண்டுகளில் துடிப்பே வராவிட்டால், பேச்சைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி அந்தத் திறனை இழந்துகொண்டே போகும்.

சத்து மாத்திரையும் எண்ணெயும் ஏன் உதவுவதில்லை என்பதும் இப்போது விளங்கும். செத்த செல்லை எந்த மாத்திரையும் முளைக்க வைக்காது. காதில் விட்ட எண்ணெய் செவிப்பறையைத் தாண்டிப் போவதே இல்லை. பறையில் ஓட்டை இருந்தால் போகும், அப்போது கெடுதல்தான் செய்யும். அவசரப்பட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. ஒரு நாளுக்குள்ளோ இரண்டு மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே காது மருத்துவரிடம் போனால் ஸ்டீராய்டு சிகிச்சையால் பலருக்கு மீள வாய்ப்பு இருக்கிறது. வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

உண்மையிலேயே நரம்போ நரம்பிணைப்போ பழுதாகும் நிலையும் இருக்கிறது. பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைகள் சிலருக்கு இது நேர்கிறது. ஓட்டோஃபெர்லின் புரதத்துக்கான மரபணு பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்கும் நேர்கிறது. இந்தப் பழுது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் காதைப் பாதிக்கும். தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதுபோன்ற பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருவதன் காரணமும் இந்த இரட்டைச் சேர்க்கைதான். இந்தக் குழந்தைகளின் நுண்மயிர் சாய்கிறது, பொட்டாசியம் பாய்கிறது, கால்சியமும் வருகிறது. குளூட்டமேட் மட்டும் கொட்டுவதில்லை. 2024 ஜனவரியில் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு, இப்படிப்பட்ட ஆறு குழந்தைகளின் காக்ளியாவுக்குள் நல்ல மரபணுவைத் தீங்கற்ற வைரஸ் வழியாகச் செலுத்திய முடிவை வெளியிட்டது. ஐந்து குழந்தைகளுக்குக் காது கேட்கத் தொடங்கியது.

இந்த வகைப் பழுதை ஓ.ஏ.ஈ. பரிசோதனை தனியாகப் பிடிக்காது என்பதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெளி மயிர்ச்செல்களின் துள்ளலை மட்டுமே பார்க்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது நன்றாகவே இருக்கும். நரம்பின் துடிப்பைப் பார்ப்பது பெரா பரிசோதனை. தலையில் மின்முனைகளை ஒட்டி, குழந்தை தூங்கும்போது ஒலி கொடுத்து, நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை துடிப்பு போகிறதா என்று பதிவுசெய்வார்கள். ஓ.ஏ.ஈ. சரியாக வந்து, பெராவில் துடிப்பே இல்லை என்றால் பழுது உள் மயிர்ச்செல்லிலோ, அதன் அடியில் நடக்கும் கைமாற்றத்திலோ, நரம்பிலோ இருக்கிறது. குறைமாதமாகப் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, காமாலைக்காக ரத்தமே மாற்ற வேண்டியிருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே காது கேளாமை உள்ள குழந்தை என்றால், ஓ.ஏ.ஈ. 'பாஸ்' என்று சீட்டில் எழுதியிருந்தாலும் பெராவும் எடுத்துவிடும்படி கேளுங்கள்.